மலையில் ஒரே லென்ஸோடு திரிந்தவர்கள் கதை சொல்லுங்கள்

பெரட்டுக்களம் (ஹட்டன்):

ஏழு வருஷமாக என் கெமராவில் மாட்டியிருப்பது ஒரே லென்ஸ், 18-200 மி.மீ. ஜூம்: 18-இல் அகலமான காட்சி, 200-இல் தூரத்தைக் கிட்டே இழுக்கும். புதிதாக வாங்கும் தம்பிமார் "அண்ணே, இது ஒன்று போதுமா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு உடனே பதில் வருவதில்லை. என் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

முதலில் நல்லது. நானுஓயாவில் ஏறி எல்ல வரைக்கும் ரயில் கதவில் நின்றபடி போனேன். பட்டிப்பொல தாண்டி சுரங்கத்துக்குள் நுழையும்போது மழை. வெளியே வந்தால் ஒஹிய பக்கம் பளிச்சென்று வெயில். அந்த வளைவில் இஞ்சின் முன்னால் திரும்புவது தெரிந்தது, 18-இல் ஒன்று எடுத்தேன். அடுத்த நிமிஷமே சரிவில் ஒரு அம்மா, முதுகில் கொழுந்துச் சாக்கு, ரயிலைப் பார்த்துக் கையசைக்கிறார். வளையத்தைத் திருகி 200-க்குப் போய் அவர் முகத்தை எடுத்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அந்த நேரத்தில் லென்ஸ் மாற்ற முடியுமா? மாற்றினால் லென்ஸ் மட்டுமல்ல, நானும் கீழே போயிருப்பேன்.

இனிக் கெட்டது. போன மாசியில் எங்கள் தோட்டத்தில் ரதி மதன் கதையை ஆடும் காமன் கூத்து. கோயில் முன்னால் இரண்டு டியூப் லைட், அவ்வளவுதான் வெளிச்சம். தப்பு மேளத்தின் அடி ஏற ஏற ரதியும் மதனும் ஆட்டத்தை ஏற்றுகிறார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று 200-க்கு இழுத்தால் வெளிச்சம் நுழையும் துளை, அதாவது அபர்ச்சர், எஃப் 6.3-க்குக் கீழே இறங்காது; எண் குறைந்தால்தான் துளை பெரிதாகும். வெளிச்சத்துக்கான உணர்திறனை, ஐ.எஸ்.ஓ.வை, 6400 வைத்தும் ஷட்டர் 1/15 விநாடிதான் கிடைத்தது. அசைவைத் தாங்கும் வசதி இருக்கிறதே என்று நினைத்தேன். அது என் கை நடுக்கத்தை நிறுத்தும், மதனின் காலை நிறுத்துமா? நூற்றுப்பத்துப் படத்தில் ஒன்றுகூட முகம் தெளிவில்லை. வேஷம் கட்டிய பையன் அடுத்த நாள் காலையில் வந்து "அண்ணே, என் படம்?" என்றான். அப்போது வாடிய அவன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பனிக்குருவி (நுவரெலியா):

நான் 18-300 வைத்திருக்கிறேன். கெமராவில் படம் பதியும் சென்சார் சின்னது என்பதால் பழைய ஃபிலிம் கணக்கில் அது 27-450. ஹோட்டன் சமவெளியில் ஃபார் இன் என்ற இடத்தின் பக்கத்தில் மரைகள் (கடமான்கள்) மனிதருக்குப் பயப்படாமல் வந்து நிற்கும். தூரத்துக்கான பெரிய டெலி லென்ஸ் மட்டும் கொண்டு வந்த ஒருவர் பின்வாங்கிப் பின்வாங்கி கடைசியில் மூக்கை மட்டும் எடுத்தார். நான் நின்ற இடத்திலேயே மரையையும் பின்னால் புல்வெளியையும் பிடித்தேன். அங்கே உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் பனி ஒன்பது மணிக்கெல்லாம் ஏறிவிடும். காட்சி தெரியும் பத்து நிமிஷத்தில் பையைத் திறந்து எந்த லென்ஸ் என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

குருவிக்கு மட்டும் ஏமாற்றம். விக்டோரியா பூங்காவில் இலங்கைக்கே உரிய மஞ்சள் காதுக் குருவி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. 300-இல் வைத்துப் பார்த்தால் நினைத்த அளவுக்குப் பெரிதாக வரவில்லை. அப்புறம்தான் விளங்கியது. இந்த மாதிரி லென்ஸ்களில் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உண்மையான நீளம் குறைந்துவிடும். 300 என்பது தூரத்து மலைக்குத்தான், பக்கத்துக் கிளைக்கு அல்ல. இலையின் நிழலில் ஃபோகஸும் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது, குருவி பறந்துவிட்டது.

பதுளை அக்கா:

தம்பிமாரே, நான் கல்யாண வீடு எடுப்பவள். ஒன்றே எல்லாம் என்று சொல்கிற எதையும் நான் எளிதில் நம்புவதில்லை, அது லென்ஸானாலும் மாப்பிள்ளையானாலும்.

கோடு வளைவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எல்லவுக்குப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தில் அது தெரியாது, பாலமே வளைந்துதான் நிற்கிறது. ஒரு தேயிலைத் தொழிற்சாலையை நேராக நின்று எடுத்துப் பாருங்கள். மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல், அகலத்தில் வைத்தால் மேல் வரிசையும் கீழ் வரிசையும் பீப்பாய் மாதிரி வெளியே புடைக்கும். கொஞ்சம் ஜூம் செய்தால் அதே கோடு உள்ளே குழியும். ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரையும் தொழிற்சாலை முன்னால் நிறுத்தி எடுத்தேன். கம்ப்யூட்டரில் கோட்டை நிமிர்த்தினால் ஓரம் வெட்டுப்படுகிறது. கடைசியில் நின்ற பெரியவரின் தோள் போய்விட்டது. சரிசெய்யலாம் என்று சொல்பவர்கள் அந்தத் தோளைப் பற்றிப் பேச மாட்டார்கள். இப்போதெல்லாம் குழுப் படம் என்றால் இரண்டடி பின்னால் போய்த்தான் நிற்கிறேன்.

பெரட்டுக்களம் தம்பி, கூத்துக்கு ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 எடுத்துப் போங்கள், இருப்பதிலேயே விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. 6.3-க்கும் 1.8-க்கும் வெளிச்சத்தில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். உங்களுக்கு 1/15 கிடைத்த இடத்தில் 1/180 கிடைக்கும், மதன் அந்தரத்தில் நிற்பான். ஆனால் அதில் ஜூம் கிடையாது, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக வேண்டியது நீங்கள்தான்.

மலையேறி:

சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக மூன்று முறை ஏறியிருக்கிறேன். ஐயாயிரத்துக்கும் மேலே படி. நாலாயிரத்தில் முதுகில் இருக்கும் இரண்டாவது லென்ஸைத் தூக்கி எறியலாம் என்று தோன்றும். மேலே சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கே பார்ப்பார்கள், திரும்பி மேற்கே பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமேல் விழும், அதற்கு 18 வேண்டும். அப்புறம் தூரத்து நீர்த்தேக்கத்துக்கு 200. அங்கே விரல் விறைத்துப் போயிருக்கும், லென்ஸ் மாற்றினால் மூடி கையில் நிற்காது. என் ஓட்டு ஒரே லென்ஸுக்குத்தான். ஒரு தொல்லை மட்டும். கழுத்தில் தொங்கவிட்டு இறங்கும்போது லென்ஸ் குழாய் தானாக வெளியே நீண்டுவிடும். லாக் இருக்கிறது, போட மறந்துவிடுவேன்.

ஸ்டூடியோ மாமா (பண்டாரவளை):

எல்லோரும் படத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நான் பழுது பார்த்தவன், பழுதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஃபிலிம் காலத்தில் 28-200 என்று ஒன்றை டாம்ரன் 1992-இல் கொண்டுவந்தது. ஒரு லென்ஸில் இவ்வளவா என்று வாயைப் பிளந்தோம். அதே கம்பெனி 2017-இல் 18-400 போட்டது, 18-க்கும் 400-க்கும் 22 மடங்கு. மடங்கு கூடக் கூட உள்ளே கண்ணாடியும் கூடும், நகரும் பாகமும் கூடும். இந்த லென்ஸ்கள் நீளும்போது காற்றை உள்ளே இழுக்கும், சுருங்கும்போது வெளியே தள்ளும், சைக்கிள் பம்ப் மாதிரி. நம் ஊர்க் காற்றில் என்ன இருக்கிறது? பாதி தண்ணீர். அதனால்தான் என் மேசைக்குப் பங்கஸோடு, அதாவது பூஞ்சையோடு, வந்தவற்றில் பெரும்பாலும் நீளும் ஜூம்கள். டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்னால் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். தொடக்கத்திலேயே கொண்டு வந்தால் துடைக்கலாம். விட்டுவிட்டால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது. ஐந்து கண்ணாடி உள்ள லென்ஸைக் கழற்றலாம். பதினாறு கண்ணாடி உள்ளதைக் கழற்றினால் பழைய நிலைக்கு மாட்டுவதற்குள் எனக்கு நரை கூடிவிடும்.

இன்னொன்று, விடியற்காலையில் வெளியே எடுத்துவிட்டு அப்படியே அடுப்படிக்குள் வந்து டீ குடிக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் சூட்டு நீராவி ஒட்டிக்கொள்ளும். வாசலிலேயே பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிட்டு உள்ளே வாருங்கள், அரை மணிக்குப் பிறகு திறக்கலாம்.

லென்ஸை வைக்கக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளும் போதும். மணி நீலமாக இருந்தால் காய்ந்திருக்கிறது, ரோஸ் ஆனால் நனைந்துவிட்டது. சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டினால் மறுபடி நீலமாகும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், அரிசித் தூசி உள்ளே போன லென்ஸ்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பெரட்டுக்களம் (ஹட்டன்):

அக்கா சொன்ன 50-ஐ ஒரு கூட்டாளியிடம் இரவல் கேட்டிருக்கிறேன், மாசிக்குத் தருவதாகச் சொன்னான். ரயிலுக்கு என் பழையதுதான், அதில் மாற்றமில்லை.

மாமா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்துபோய் டப்பாவைத் திறந்தேன். மணி எல்லாம் ரோஸ். எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ. டோர்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் இல்லை, ஓரத்தில் ஒரு அங்குலம்கூட இல்லாத வெள்ளை நூல், நுனி இரண்டாகப் பிரிகிறது. ஊதிப் பார்த்தேன், அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா?