ரிங்டோன் கேட்டால் உடம்பு நடுங்குகிறது, ஆனால் அப்பா கடைசியாகச் சொன்னது ஞாபகம் இல்லை. ஏன்?

வடக்குத்தெரு:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ராத்திரி இரண்டே காலுக்கு அம்மாவிடமிருந்து போன், அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று. நான் போய்ச் சேர்ந்தபோது நினைவோடுதான் இருந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார், விடிவதற்குள் போய்விட்டார். அன்று என் போனில் இருந்த அதே பழைய நோக்கியா ரிங்டோன் இப்போது பஸ்ஸில் யார் பையிலிருந்து அடித்தாலும் கை சில்லிட்டு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஐசியூ வாசலில் நான் உட்கார்ந்திருந்த நீல நாற்காலியின் கைப்பிடியில் பீடி சுட்ட மாதிரி ஒரு ஓட்டை இருந்தது, அதுகூட கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அப்பா என்ன சொன்னார் என்பது சுத்தமாக இல்லை. "அதைக்கூடவா மறந்துட்ட" என்று அக்கா ஒருமுறை கேட்டாள், அதிலிருந்து மனசே சரியில்லை. நாற்காலி ஓட்டை ஞாபகம் இருக்கிறது, அப்பாவின் வார்த்தை இல்லை என்றால் என்ன அர்த்தம்?

பாடவேளை:
தம்பி, அப்பாவின் மேல் உங்களுக்குப் பாசம் குறைவு என்று அர்த்தம் இல்லை, முதலில் அதை மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நடந்தது என்ன என்ற கதையை எழுதி வைப்பது மூளையில் ஹிப்போகேம்பஸ். இந்தச் சத்தம் வந்தால் ஆபத்து என்று உடம்புக்குச் சொல்லிக் கொடுப்பது அமிக்டலா. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. ஜெனீவாவில் கிளபரேட் என்ற மருத்துவர் 1911-இல் எழுதியது இது. புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு பெண்ணுக்கு அவர் கை கொடுத்தார், விரல்களுக்கு நடுவில் ஒரு ஊசியை மறைத்து வைத்துக் குத்திவிட்டார். குத்தியதையே அந்தப் பெண் மறந்துவிட்டார், ஆனால் அடுத்து அவர் கை நீட்டியபோது சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. உங்கள் ரிங்டோன் அந்த ஊசி மாதிரிதான்.

அன்று ராத்திரி உங்கள் உடம்பில் அட்ரினலின் பாய்ந்திருக்கும், அப்புறம் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால், அது உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் கண் எதில் குத்தி நின்றதோ அது ஆணியடித்த மாதிரி பதிகிறது, சுற்றி நடந்தது நழுவிவிடுகிறது. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்களோ. போதாக்குறைக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் தூங்கியிருக்க மாட்டீர்கள், பதிந்தது உறைவதற்குத் தூக்கம் வேண்டும்.

கரிசல்மண்:
எனக்கும் இதே கதை, தங்கச்சி விபத்துக்கு அப்புறம். நான் ரிங்டோனையே மாற்றிவிட்டேன், இப்போது போன் எப்போதும் வைப்ரேஷனில்தான். ஓரளவு பரவாயில்லை.

இரவுப்பணி:
கரிசல்மண் தம்பி, மனசு வலிக்கச் சொல்லவில்லை, ஆனால் அது ஒதுங்கிப் போவது, ஆறுவது இல்லை. 19 வருடமாக நர்ஸ், அதில் ஆறு வருடம் மனநலப் பிரிவில். சத்தத்தைத் தவிர்த்தால் அமிக்டலாவுக்குத் தன் கணக்கைத் திருத்த வாய்ப்பே கிடைக்காது. சத்தத்தைக் கேட்டுப் பழகினாலும் அது பழைய கணக்கை அழிக்காது, மேலே புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். பாவ்லோ என்ற ரஷ்ய விஞ்ஞானியின் நாய்களிலேயே இது தெரிந்த விஷயம்: மணியடித்துச் சோறு வைத்துப் பழக்கினால் மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறும், அப்புறம் மணியடித்துச் சோறு வைக்காமலே விட்டால் எச்சில் ஊறுவது நின்றுவிடும், சில நாள் கழித்து மணியடித்தால் திரும்ப ஊறும். அதனால் நடுவில் ஒருநாள் மறுபடி நடுங்கினால் எல்லாம் வீண் என்று நினைத்துவிடக் கூடாது.

வடக்குத்தெரு, பகலில், வெளிச்சத்தில், கூட ஆள் இருக்கும்போது நண்பர் யாரையாவது அதே ரிங்டோனில் கூப்பிடச் சொல்லுங்கள். எடுத்து இரண்டு வார்த்தை சாதாரணமாகப் பேசுங்கள், படபடப்பு அடங்கும்வரை போனைக் கீழே வைக்காதீர்கள். தூக்கம் கெடுகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, அந்த ராத்திரிக்குள்ளேயே திரும்பத் திரும்பப் போய் விழுகிறீர்கள் என்றால் தனியாகச் செய்ய வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போட்டால் தமிழிலேயே பேசலாம்.

பாடவேளை:
இரவுப்பணி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டோபமைன் என்றால் சந்தோஷச் சுரப்பு என்று எழுதுகிறார்களே, அது பாதிதான் சரி. ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். பழகிய பிறகு டோபமைன் செல்கள் சாறு வரும்போது துடிக்கவில்லை, சாறு வரப்போகிறது என்ற விளக்கு எரிந்ததுமே துடித்தன, விளக்கு எரிந்து சாறு வராவிட்டால் அடங்கிப்போயின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை சொல்கின்றன. வரும் என்று பயந்தது வராமல் போனால் அதுவும் ஒரு வித்தியாசம்தானே, பயம் தணிவதைக் கற்றுக்கொள்வதில் இதே செல்களுக்குப் பங்கு இருப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். போன் அடித்து, எடுத்து, அங்கே "சாப்டியா?" என்று ஒரு குரல் கேட்டால், அந்த இடத்தில்தான் மூளை பாடம் படிக்கிறது.

வடக்குத்தெரு:
இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், எல்லோருக்கும் நன்றி. நேற்று அக்காவுக்கு போன் போட்டு எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை, நீயே சொல் என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதாள். "தோட்டத்து மோட்டாரை அணைச்சிட்டியாடா"ன்னு கேட்டாராம், நான் அணைச்சாச்சுப்பா என்றேனாம்.

இரவுப்பணி:
இனிமேல் இது நீங்களே கேட்ட மாதிரி தோன்ற ஆரம்பிக்கும், நினைவு அப்படித்தான் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். தோன்றட்டும் தம்பி. போன் பயிற்சி எப்போது?

வடக்குத்தெரு:
நாளை காலை பதினொரு மணிக்கு, கூடப் படித்தவன் ஒருவன் கூப்பிடுகிறான். ரிங்டோனைத் திரும்ப வைத்துவிட்டேன்.