நாகர்கோவிலில் கடை, விடுதி, குடியிருப்பு சேர்ந்த வளாகம்: எரிசக்தி ஆலோசகரை எப்போது அமர்த்துவது?

வடசேரிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பமும் இரண்டு பங்குதாரர்களும் சேர்ந்து, நாகர்கோவிலை ஒட்டிய தென்னந்தோப்பு ஒன்றில் ஏறத்தாழ 4 லட்சம் சதுர அடிக்குக் கட்டத் திட்டமிட்டிருக்கிறோம். கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், ஒரு பக்கம் 80 அறைகள் கொண்ட விடுதி, மறுபக்கம் குடியிருப்புகள். கட்டிடக்கலைஞரின் வரைபடம் பாதி முடிந்துவிட்டது. இப்போது வெளியூர் ஆலோசனை நிறுவனம் ஒன்று பசுமைக் கட்டிடச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு தொகை கேட்கிறது. அந்தச் செலவு சுவரில் மாட்டும் பலகைக்கு மட்டும்தானா, மின்கட்டணத்திலும் தெரியுமா?

தணிக்கையாளர்_கோட்டாறு

அண்ணாச்சி, சான்றிதழும் எரிசக்தி ஆலோசனையும் வெவ்வேறு வேலைகள். சான்றிதழை விரும்பினால் வாங்கலாம், விட்டும் விடலாம். ஆனால் உங்கள் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி பெற்றே ஆகவேண்டும். அதற்கு மின்சாரம், நீர், கழிவுநீர்க் கணக்குகள் எப்படியும் தேவைப்படும். அந்தக் கணக்கை வரைபடம் முடிந்தபின் போட்டால் அது வெறும் படிவம். முடியும் முன் போட்டால் வரைபடமே மாறும்.

கலப்பு வளாகத்தில் பணம் ஒளிந்திருக்கும் இடம் மின்சுமை ஒன்றுசேரும் விதத்தில்தான். அலுவலகத்தின் உச்சம் பிற்பகல், கடைகளின் உச்சம் மாலை, விடுதிக்கு விடியற்காலையும் இரவும். இந்த மூன்று உச்சங்களையும் அப்படியே கூட்டி மின்வாரியத்திடம் விண்ணப்பித்தால், ஒருபோதும் தொடாத அளவுக்கு டிமாண்ட் (ஒரே நேரத்தில் இழுக்க அனுமதிக்கப்படும் உச்ச மின்சுமை) வாங்கிவிடுவீர்கள். பெரிய நுகர்வோருக்கான உயரழுத்த இணைப்பில், ஒப்பந்தத்தில் கேட்ட டிமாண்ட் அளவின் 90 சதவீதத்துக்காவது மாதந்தோறும் டிமாண்ட் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால், இந்தத் தவறு கட்டிடம் இருக்கும்வரை பில்லில் வந்துகொண்டே இருக்கும். டிரான்ஸ்பார்மரும் தேவைக்கு மேல் பெரிதாகி, சுமை இல்லாத நேரத்திலும் மின்சாரத்தைத் தின்னும். ஆகவே ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் மணிவாரியான சுமைக் கணக்கு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் கட்டினால் டிமாண்ட் குறையும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கும் மாநிலத்தில் குடியிருப்போர் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். வீடுகளுக்குத் தனித்தனி இணைப்பு கொடுத்துவிட்டு, விடுதி, கடை, அலுவலகம் ஆகியவற்றை மட்டும் ஒன்றாகப் பாருங்கள்.

அந்த மூன்றுக்கும் பொதுவான குளிரூட்டும் நிலையம் அமைத்தால், சில்லர் (ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வெளியே தள்ளும் வெப்பத்தை விடுதியின் வெந்நீருக்குத் திருப்பலாம். கடை ஏசி பகலில் ஓடும், விருந்தினர் காலையில் குளிப்பார். எனவே வெந்நீரைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் பெரிய தொட்டி வேண்டும். அதற்கான இடத்தை இன்றே வரைபடத்தில் விடாவிட்டால் பிறகு கிடைக்காது.

தக்கலை_கட்டிடக்கலைஞர்

திசையைப் பற்றி ஒரு சொல். வடக்குச் சுவரில் வெயில் படாது என்ற வடநாட்டுப் பாடம் இங்கே செல்லாது. நாம் ஏறத்தாழ 8 பாகை அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆனாலும் அது உச்சியில் நிற்பதால் குறுகிய நிழற்பலகையே போதும்; கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து வரும் வெயிலை அப்படித் தடுக்க முடியாது. உங்கள் வரைபடத்தில் மேற்கு முகப்பு முழுக்கக் கண்ணாடியாக இருந்தால், ஆலோசகர் வருவதற்கு முன்பே அதை மாற்றச் சொல்லுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் சாய்ந்த கூரையையும் மரச்சட்ட அடைப்புகளையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தாலே, வெளிச்சத்தை வடித்துக் காற்றை விடுவது எப்படி என்று புரியும்.

பராமரிப்பு_குளச்சல்

நான் கடலோர விடுதி ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். பாதுகாப்புக்கு என்று தேவையைவிடப் பெரிய ஏசி இயந்திரங்களை வைத்திருந்தார்கள். அவை அறையைச் சில நிமிடங்களில் குளிரவைத்து நின்றுவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க நேரம் போதாது. குளிர்ந்தும் பிசுபிசுத்தும் கிடந்த அறையில் விருந்தினர் 18 பாகைக்கு இறக்குவார்கள், சுவரில் பூஞ்சை பூக்கும். வெப்பத்தை வெளியேற்றும் ஏசி வெளிப்புறக் காயில்களின் (குழாய்ச் சுருள்களின்) அலுமினியத் தகடுகளை உப்புக் காற்று தின்றது தனிக் கதை. ஆலோசகரின் அறிக்கையில் ஈரப்பத நீக்கம் பற்றிய பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மனை கடலுக்கு அருகில் என்றால் அரிப்பைத் தடுக்கும் பூச்சிட்ட காயிலும் கேளுங்கள்.

வடசேரிக்காரன்

மிக்க நன்றி. மாடியில் சூரியத் தகடு போட்டால் பாதி மின்சாரம் கிடைத்துவிடும் என்று அந்த நிறுவனம் சொல்கிறதே? முப்பந்தலில் இவ்வளவு காற்றாலை இருக்க, அதையும் பயன்படுத்த முடியாதா?

தணிக்கையாளர்_கோட்டாறு

பாதி என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். உங்கள் மொட்டைமாடி 45,000 சதுர அடி என்றும், தொட்டியும் இயந்திரங்களும் போகப் பாதி மிஞ்சும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்றால் 225 கிலோவாட், நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 யூனிட். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 யூனிட் செலவாகும் என்று மிதமாகக் கொண்டாலும், வளாகத்தின் தேவையில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட வராது. போடுங்கள், ஆனால் பாதி என்று நம்பி வங்கிக் கடனைக் கணக்கிடாதீர்கள்.

காற்றாலை நிறுவனத்தில் பங்கு வாங்கி அதன் மின்சாரத்தை எடுக்கலாம். மின்சாரம் எடுப்பவர்கள் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. முப்பந்தல் காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. உங்கள் ஏசி திணறுவதோ மார்ச்சிலும் ஏப்ரலிலும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், மாதவாரி உற்பத்தியையும் உங்கள் மாதவாரித் தேவையையும் அருகருகே வைத்த ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள்.