டிசம்பர் 25, லண்டன்: நடந்து கடந்தவர்களின் அனுபவங்கள்

ஈஸ்ட்ஹாம்வாசி:
கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் பாதாள ரயிலும் பேருந்தும் ஓடா என்பது இங்கே யாவருக்கும் தெரியும். இரவுப் பணி முடிந்து ஒயிட்சேப்பலில் காத்திருந்தபோது, அழைத்துப் போவதாகச் சொன்ன நண்பரின் கார் கிளம்ப மறுத்துவிட்டது. வாடகைக் கார்க்காரர் கேட்ட தொகைக்கு மனம் ஒப்பாமல் ஈஸ்ட் ஹாம் நோக்கி நடக்கத் தொடங்கினேன். வழியெங்கும் நகரம் அடைத்துக் கிடந்தது. மைல் எண்ட் நிலையத்தின் கம்பிக் கதவுக்கு முன்னால், சக்கரம் கழன்ற பெட்டியுடன் நின்றிருந்த ஒருவர், அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இன்று முழுவதும் கிடையாது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். படித்து முடித்த பிறகும் கதவைப் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நான் வந்த திசையில் நடந்து போய்விட்டார். அவர் எங்கே போக வேண்டியவரோ, போய்ச் சேர்ந்தாரோ, தெரியவில்லை.

டூட்டிங்காரன்:
நகரம் அடைத்துக் கிடந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். 2004ஆம் ஆண்டுச் சட்டம் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகளைத்தான் அன்று திறக்கக் கூடாது என்கிறது. சிறு கடைகளுக்குத் தடையில்லை. ஒயிட்சேப்பல் சாலையிலேயே தேநீர் கிடைத்திருக்கும், நண்பர் கவனிக்கவில்லை போலும். நான் ஒருமுறை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் புறப்பட்டு, பால்ஹம், கிளாப்பம், ஸ்டாக்வெல் என்று நார்தர்ன் பாதாள ரயில் தடத்தின் தலைக்குமேலேயே நடந்து டிராஃபல்கர் சதுக்கம் வரை போய்விட்டேன். அங்கே சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் நெரிந்தது. 1947 முதல் நார்வேயின் ஆஸ்லோ நகரம் ஆண்டுதோறும் அனுப்பும் கிறிஸ்துமஸ் மரத்தை, பெண் பார்க்க வந்தவரைப் போல ஒரு மூதாட்டி சுற்றிச் சுற்றி வந்து, ‘இந்த ஆண்டு ரொம்ப மெலிவு’ என்று முன்பின் தெரியாத என்னிடம் முறையிட்டார். நான் நன்றாகத்தான் இருக்கிறது என்றதும், அவருக்கு வந்த கோபத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

கில்பர்ன் வழிப்போக்கன்:
இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் மாலையிலேயே ரயில்கள் சீக்கிரம் நின்றுவிடுவதால், 24ஆம் தேதி இரவு எங்கே தங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். சூரியன் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும் என்பதால், காலையிலேயே கிளம்புவது நல்லது. நிலையங்கள் பூட்டியிருக்கும்போது அங்குள்ள கழிப்பறைகளும் பூட்டியிருக்கும். தேநீர்க் கடையைத் தேடும் நண்பர் இதையும் யோசிக்கட்டும். வாடகை மிதிவண்டிகள் அன்றும் கிடைக்கும். விமான நிலையம் போக வேண்டியவர்களுக்கு, விக்டோரியாவிலிருந்து நெடுந்தூரப் பேருந்துகள் சில ஓடுவதுண்டு. ஆனால் இடத்தை முன்பதிவு செய்திருக்க வேண்டும். என் அனுபவம் என்றால், கில்பர்னிலிருந்து மார்பிள் ஆர்ச் வரை எட்ஜ்வேர் சாலையில் நேராக நடந்தேன். முழு நேரமும் மழை.