சீல் போட்ட பாட்டிலை யாரும் திரும்ப ரொப்பக் கூடாது – நான் செஞ்ச உள்மூடி தோத்துப் போச்சு, எங்க தப்புன்னு சொல்லுங்க

செக்குக்காரி, காங்கேயம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்துல மரச்செக்குல நல்லெண்ணெய் ஆட்டி வித்துட்டு இருக்கோம், மாமனார் காலத்துச் செக்கு, இப்ப நானும் வீட்டுக்காரரும் பாத்துக்கறோம். அரை லிட்டர் கண்ணாடி பாட்டில்ல எங்க லேபிள் ஒட்டிக் கடைகளுக்குப் போடறோம்.

போன தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு வயசான அம்மா பாட்டிலைக் கையில புடிச்சுட்டு செக்குக்கே வந்துட்டாங்க. "ஏங்கண்ணு, உங்க எண்ணெய்னு நம்பித்தானே வாங்குனேன், தோசைக்கு ஊத்துனா ஒரு வாசமும் இல்ல"ன்னு கேட்டாங்க. பாட்டில் எங்களது, லேபிள் எங்களது. எண்ணெயை உள்ளங்கையில ஊத்தித் தேச்சு மோந்து பாத்தேன், எள்ளு வாசமும் இல்ல, கருப்பட்டி போட்டு ஆட்டினா வருமே அந்த இனிச்ச வாசம் அதுவும் இல்ல. எங்க காலி பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில எடை போட்டு வாங்கி வேற என்னத்தையோ ரொப்பி யாரோ விக்கறாங்க. யாருன்னு இங்க சொல்ல வரல. அந்தம்மா முகத்தை என்னால மறக்க முடியல, அதுக்காகத்தான் இந்த வேலையில இறங்கினேன்.

நான் பண்ணினது என்னன்னா, பாட்டில் கழுத்துக்குள்ள அழுத்தி ஏத்தற மாதிரி ஒரு உள்மூடி, எல்டிபிஇ பிளாஸ்டிக். அதுக்கு நடுவுல புனல் மாதிரி சரிஞ்ச ஒரு சீட்டு (குண்டு உக்கார்ற எடம்), அது மேல 8 மில்லிமீட்டர் குண்டு ஒண்ணு, குண்டு வெளிய விழாம மேல மூணு கம்பி வெச்ச கூண்டு. கவுத்தா குண்டு விலகி எண்ணெய் வரணும், நிமித்தினா குண்டு உக்காந்து வழியை அடைக்கணும், அதான் கணக்கு. 50 பீஸ் அடிச்சுப் பாத்தாச்சு. மூணு பிரச்சனை:

புனல் வெச்சு மேல இருந்து எண்ணெய் ஊத்தினா மொதல்ல ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் நிக்குது, அப்புறம் களக் களக்னு உள்ள இறங்க ஆரம்பிச்சுருது, கால் மணி நேரத்துல பாட்டிலே ரொம்பிருச்சு. ரெண்டாவது, கவுத்து ஊத்தறப்ப எண்ணெய் விட்டு விட்டு வருது, சில பாட்டில்ல குண்டு ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது, தட்டணும். மூணாவது தான் மனசே விட்டுப் போச்சு, எங்க பக்கத்து வீட்டுப் பையன் கழுத்தைக் கொதிக்கற தண்ணியில ரெண்டு நிமிஷம் முக்கி கட்டிங் பிளேயர்ல புடிச்சு ஒரு இழு இழுத்தான், உள்மூடி முழுசா வந்துருச்சு, கீறல் கூட இல்ல, திரும்ப அழுத்தினா அப்படியே ஏறிக்குது.

டிசைனே தப்பா, இல்ல செய்யற விதத்துல தப்பா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டை மேக்கர், கோவை:

அம்மா, டிசைன்ல அடிப்படை தப்பு இல்ல. மூணு விஷயம் கேக்கறேன். குண்டு என்ன பிளாஸ்டிக்? குண்டை விரல்ல உருட்டினா நடுவுல ஒரு கோடு தட்டுப்படுதா? நீங்க டெஸ்ட் பண்ணினது தண்ணியிலயா எண்ணெயிலயா?

செக்குக்காரி, காங்கேயம்:

குண்டு பிபிங்ண்ணா, பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக். எண்ணெயிலதான் பாத்தேன். கோடு இருக்கு, நகத்துல தட்டுப்படுது.

டை மேக்கர், கோவை:

அப்ப மொதல் ரெண்டு பிரச்சனைக்கும் காரணம் அந்தக் குண்டு தான். ஒரு கண்ணாடி டம்ளர்ல உங்க எண்ணெயை ஊத்தி குண்டைப் போடுங்க, என்ன ஆகுதுன்னு பாத்துட்டுச் சொல்லுங்க.

செக்குக்காரி, காங்கேயம்:

போட்டேன். கீழ போகல. மேல வந்து முக்கால்வாசிக்கும் மேல முங்கின மாதிரி நிக்குது, தலை மட்டும் ஒரு பொட்டு அளவு வெளிய தெரியுது. விரல்ல அமுக்கி விட்டாலும் மெதுவா மேல வந்துருது.

டை மேக்கர், கோவை:

அதேதான். கணக்கு பாருங்கம்மா. பிபி ஒரு சிசி கிட்டத்தட்ட 0.90 கிராம், நல்லெண்ணெய் 0.92. உங்க 8 மிமீ குண்டு 0.24 கிராம் வரும், அது ஒதுக்கற எண்ணெய் 0.25 கிராம். மேல எண்ணெய் நிக்கறப்ப சீட்டு சரியா ஒட்டியிருந்தா எண்ணெயோட பாரமே குண்டைக் கீழ அமுக்கிப் புடிச்சுக்கும், திறக்காது. அதனாலதான் மொத பத்து பதினஞ்சு செகண்ட் தாங்குது. ஆனா அந்த அச்சுக் கோடு சீட்டுல படற எடத்துல முடி அளவு சந்து இருக்கு, அது வழியா எண்ணெய் கசிஞ்சு குண்டுக்கு அடியில போயிருது. அடியில எண்ணெய் போனதும் குண்டு மிதக்க ஆரம்பிச்சுருது, கதவு திறந்துருது, அதுக்கப்புறம் எவ்ளோ வேணாலும் ஊத்தலாம். குண்டுக்கு கனம் இல்ல, சீட்டும் சுத்தமா இல்ல, இந்த ரெண்டும் சேர்ந்துதான் உங்களைக் கவுத்துச்சு, இதுல ஒண்ணு சரியா இருந்திருந்தாலும் இவ்ளோ சுலபமா ரொம்பியிருக்காது.

கண்ணாடிக் குண்டு வாங்குங்க. அதே 8 மிமீல 0.67 கிராம் இருக்கும், மிதக்கவே வழியில்ல, உருண்டை சுத்தமா இருக்கும், அச்சுக் கோடு கிடையாது. கவுத்தறப்ப ஒட்டிக்கறதும் போயிரும், எண்ணெய்ப் படலம் லேசான குண்டை இழுத்துப் புடிச்சுக்குது, கனமான குண்டு அதை மீறி விழுந்துரும். இரும்புக் குண்டு வேண்டாம், துரு புடிச்சா எண்ணெய் கெட்டுப் போகும்.

நம்ம கோலி சோடாவும் கண்ணாடிக் கோலிதான், 1872-ல ஹிராம் காட்னு ஒருத்தர் இங்கிலாந்துல பேட்டன்ட் வாங்கினது. ஆனா அதுல உள்ள இருக்கற கேஸ் கோலியை மேல தள்ளி ரப்பர் வளையத்துல அமுக்கிப் புடிக்கும், கவுத்து வெச்சு ரொப்பி ரொப்பி நூறு தடவை ஓட்டறதுக்காகவே செஞ்சது. உங்களுக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர். உள்ள இருந்து வந்தா திறக்கணும், வெளிய இருந்து வந்தா அடைக்கணும்.

பாட்டிலிங் லைன்ல இருந்தவன், ஓசூர்:

அக்கா, நான் பல வருஷம் பாட்டில் ரொப்பற லைன்ல வேலை பாத்தவன். அண்ணன் சொன்ன குண்டு விஷயம் சரி, ஆனா மூணாவது பிரச்சனைதான் பெருசு, குண்டு எவ்ளோ நல்லா இருந்தாலும் உள்மூடியே முழுசா கழண்டு வந்தா என்ன பிரயோஜனம். எல்டிபிஇ கொதிதண்ணியில மெதுவாயிடும், அதோட நீங்க கழுத்துக்கு உள்பக்கம் இறுக்கத்தை மட்டும் நம்பி ஏத்தியிருக்கீங்க. கழுத்தோட உள்பக்கம் வழுவழுன்னு நேரா இருக்கும், புடிச்சுக்க எதுவும் இல்ல. வெளிப்பக்கம் தான் புடிப்பு. கழுத்துக்கு வெளிய ஒரு தடிச்ச வளையம் இருக்கற பாட்டில் வாங்குங்க, உள்மூடியோட பாவாடை (வெளிப்பக்கம் கீழ தொங்கற விளிம்பு) அந்த வளையத்தைத் தாண்டிக் கீழ இறங்கி க்ளிக்னு மாட்டிக்கணும், அதுக்கு மேல அலுமினிய மூடி உருட்டிச் சுத்தணும். நல்ல சரக்கு பாட்டில்ல எல்லாம் அப்படித்தான் இருக்கும். பாவாடையில நாலு எடத்துல வேணும்னே மெல்லிசா விடுங்க, எவனாச்சும் இழுத்தா அங்க கிழியணும். கழண்டு வர்றதைத் தடுக்க முடியலைன்னாலும் திரும்ப மாட்ட முடியாதபடி ஆயிடணும், அது போதும்.

இன்னொரு டெஸ்ட் சொல்றேன், இதைப் பண்ணாம ஆயிரம் பீஸ் அடிச்சுடாதீங்க. காலி பாட்டிலை 80 டிகிரி வரைக்கும் சூடு பண்ணி, அப்படியே தலைகீழா எண்ணெய்ப் பாத்திரத்துல கழுத்தை முக்கி வெச்சு ஆற விடுங்க. தலைகீழா இருக்கறதால குண்டு தானே விலகிடும், உள்ள காத்து சுருங்கும், எண்ணெயை உறிஞ்சும். அரை லிட்டர் பாட்டில்ல 80-ல இருந்து 30-க்கு ஆறினா கணக்குப்படி ஒரு தடவைக்கு 70 மில்லி போகும். பம்பு வெச்சுக் காத்தை இழுத்தா இன்னும் சீக்கிரம். நீங்க அமுக்கற பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறலாம்னு நெனச்சா அது இதை விட மோசம், கையால அமுக்கிட்டு எண்ணெயில முக்கி விட்டா அதுவே குடிச்சுக்கும்.

அப்புறம் பாட்டிலைப் படுக்க வெச்சா குண்டு சீட்டை விட்டு உருண்டுரும், அந்த நேரத்துல மெல்லிசு டியூபை உள்ள விட்டு ஏத்தலாம். கூண்டுக்கு மேல ஒரு தட்டு வெச்சு வழியை ரெண்டு தடவை மடக்கி விடுங்க, டியூபோ ஊசியோ குண்டு வரைக்கும் போகக் கூடாது.

தேன்காரன், கொல்லிமலை:

நானும் இதே கஷ்டத்துல இருக்கேன், என் தேன் பாட்டிலுக்கும் இந்த குண்டு மூடி சரிப்படுமா? தேங்காண்ணெய் விக்கிற நண்பரும் கேக்கறார்.

டை மேக்கர், கோவை:

தம்பி, ரெண்டுக்குமே வேண்டாம். தேன் ரொம்பக் கெட்டி, குண்டைச் சுத்தி இறங்கறதுக்குள்ள வாங்கினவங்க பொறுமை போயிரும், போகப் போக சர்க்கரையா உறைஞ்சு சீட்டுல மணல் மாதிரி புடிச்சுக்கும். தேங்காண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறையும், மார்கழியில குண்டோட சேர்ந்து கட்டியாயிடும். நல்லெண்ணெய் நம்ம ஊர்க் குளிருக்கு உறையாது, அதனாலதான் செக்குக்கார அம்மாவுக்கு நான் சரின்னு சொன்னேன். தேனுக்கு வாய்ல ஒட்டற அலுமினிய ஃபாயில் சீலும், எடுத்தா கிழியற லேபிளும் தான் வழி.

செக்குக்காரி, காங்கேயம்:

அண்ணா, கண்ணாடிக் குண்டு திருப்பூர்ல கெடச்சுது, மாத்திப் போட்டு இருபது பாட்டில் பாத்தேன். புனல் வெச்சு ஊத்தி அரை மணி நேரம் அப்படியே விட்டேன், மேல எண்ணெய் நின்னபடியே நிக்குது, பதினெட்டு பாட்டில்ல ஒரு சொட்டு கூட இறங்கல! ரெண்டுல மட்டும் லேசா கசிவு, சீட்டுல பிசிர் இருந்துச்சு. அப்படியே உக்காந்து பாத்துட்டே இருந்தேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ஆனா ஊத்தறப்ப விட்டு விட்டு வர்றது இன்னும் முழுசா போகல. காத்து உள்ள போகத் தனியா ஒரு சின்னக் குழாய் வெக்கலாமா?

பாட்டிலிங் லைன்ல இருந்தவன், ஓசூர்:

வெக்காதீங்கக்கா! காத்துக் குழாய் வெச்சா அது நேரா பாட்டிலுக்குள்ள போற திறந்த வழி, ஊசி போட்டு அது வழியா ரொப்பிருவாங்க, குண்டு சும்மா வேடிக்கை பாத்துட்டு இருக்கும். இந்த மாதிரி மூடி செய்யறதுல பாதிக் கஷ்டம் இந்த இடத்துல தான், எண்ணெய் வெளிய வரணும்னா அந்த அளவு காத்து உள்ள போயே ஆகணும், காத்து போற எதுலயும் எண்ணெய் போகும். ஒரே வழியைக் கொஞ்சம் அகலமாக்குங்க, கூண்டுல ஒரு கம்பியை ஒரு ஓரமாத் தள்ளி வைங்க, குண்டு விலகறப்ப ஒரு பக்கமா சாயும், கீழ்ப்பக்கம் எண்ணெய் வரும் மேல்பக்கம் காத்து போகும். தண்ணி மாதிரி ஒழுகாது, சமையலுக்கு அது நல்லதுதான்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. பாட்டில் அடியில கண்ணாடி டிரில்ல ஓட்டை போட்டு ரொப்பி பசை வெச்சு அடைச்சா எந்த மூடியும் ஒண்ணும் பண்ண முடியாது. ஊசி மருந்து ஆம்பியூல் மாதிரி கழுத்தை ஒடைச்சாத்தான் திறக்கும்னு இருந்தா மட்டும்தான் நிஜமாவே திரும்ப ரொப்ப முடியாது, அதுல யாரும் எண்ணெய் விக்க முடியாது. உங்க எதிராளி எடைக்குப் பாட்டில் வாங்கி நிமிஷத்துக்கு ரெண்டு ரொப்பற ஆள். அவனுக்கு ஒரு பாட்டிலுக்கு அரை மணி நேரம் ஆச்சுன்னா விட்டுட்டுப் போயிருவான், அதுக்கு மேல செலவு பண்ணாதீங்க.

ஸ்பெயின்ல 2014 ஜனவரியில இருந்து ஹோட்டல்ல மேஜை மேல வெக்கற ஆலிவ் எண்ணெய்க்கு இதே மாதிரி ரொப்ப முடியாத மூடி கட்டாயம்னு சட்டமே போட்டுட்டாங்க. ஐரோப்பா முழுக்கக் கொண்டு வரலாம்னு 2013 மே மாசம் அறிவிச்சு எதிர்ப்பு வந்ததும் அதே மாசம் வாபஸ் வாங்கினாங்க. நல்ல எண்ணெய் செய்யறவங்க எல்லா ஊர்லயும் இந்தக் கவலையிலதான் இருக்காங்க.

லேப்ல வேலை பாக்கறவ, சேலம்:

அக்கா, மூடி வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், அந்தம்மா கொண்டு வந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எங்க சந்தேகமோ அந்தக் கடையில பில் போட்டு ஒரு பாட்டில் நீங்களே வாங்குங்க. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-ல வாங்கினவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளர்கிட்ட சோதிக்கச் சொல்லலாம்னு இருக்கு, வாங்கறப்பவே கடைக்காரர்கிட்ட சொல்லிடணும். இங்க ஒரு விஷயம் கவனமா இருங்க. பாவ்டோயின் டெஸ்ட்ல (நல்லெண்ணெய் இருந்தா சிவப்பு காட்டற சோதனை) சிவப்பு வந்துச்சு அதனால நல்லெண்ணெய்தான்னு யாராச்சும் சொன்னா விட்டுடாதீங்க, கொஞ்சம் நல்லெண்ணெய் கலந்திருந்தாலே சிவப்பு வந்துரும். அயோடின் மதிப்பு (எண்ணெய் எவ்ளோ அயோடினை இழுத்துக்குதுன்னு பாக்கற அளவு) கேளுங்க, நல்லெண்ணெய்க்கு நூறுக்கு மேல வரும், பாமாயிலுக்குக் கிட்டத்தட்ட அதுல பாதிதான்.

பிளாஸ்டிக், தகர டப்பாவை எண்ணெய்க்கு மறுபடி பயன்படுத்தக் கூடாதுன்னு 2018 பேக்கேஜிங் விதியிலயே இருக்கு. உங்களது கண்ணாடி, அதனால புகார் எழுதறப்ப பாட்டிலை மட்டும் சொல்லாம உள்ள இருந்த எண்ணெயைப் பத்தித் தெளிவா எழுதுங்க, கலப்படம் தான் உங்க பலமான ஆதாரம்.

செக்குக்காரி, காங்கேயம்:

தங்கச்சி, அந்தப் பாட்டில் இன்னும் என்கிட்டத்தான் இருக்கு, பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன். திங்கக்கிழமை போறேன்.

வெளிப்பக்கம் வளையம் இருக்கற பாட்டில் விசாரிச்சேன், ஒரு பாட்டிலுக்கு நாலு ரூபா கூட ஆகும்னாங்க. வீட்டுக்காரர் யோசிச்சாரு, மாமனார்தான் "போடு கண்ணு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. சூடு பண்ணி முக்கற டெஸ்ட்டும் பண்ணினேன், 65 மில்லி உள்ள போச்சு, ஓசூர் தம்பி சொன்ன கணக்கு கிட்டத்தட்ட சரி. மடக்குத் தட்டு வெச்சா இது குறையுமா?

டை மேக்கர், கோவை:

குறையாதும்மா, வேகம் மட்டும் குறையும். உள்ள காத்து குறையக் குறைய போற எண்ணெயும் குறையும், ஒரு பாட்டில் ரொம்பணும்னா பத்து தடவைக்கும் மேல சூடு பண்ணி ஆற வெக்கணும், அதுக்கு மெனக்கெடறவன் எடைக்குப் பாட்டில் வாங்க மாட்டான். கசிஞ்ச ரெண்டு பீஸையும் தனியா எடுத்து வைங்க, சீட்டுல பிசிர் எந்தப் பக்கம் வருதுன்னு லென்ஸ் வெச்சுப் பாத்தா மோல்டுல எங்க தேய்க்கணும்னு தெரிஞ்சுரும். புது பாட்டில் ரெண்டு, அந்த ரெண்டு பீஸ், உங்க எண்ணெய் ஒரு லிட்டர், மூணையும் எடுத்துட்டு சனிக்கிழமை காலையில பட்டறைக்கு வாங்க, பாவாடை எவ்ளோ மெல்லிசா விடலாம்னு அங்கயே இழுத்துப் பாத்து முடிவு பண்ணிடலாம்.