புதுப்பிப்பு: வூஹானின் இரண்டு விடைகள்

ஈர்ப்பு மாறிலி (பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசையின் வலிமையைச் சொல்லும் எண்) பற்றிய என் முந்தைய பதிவைப் படித்துவிட்டு, 2018-இல் சீனாவின் வூஹான் நகர ஆய்வுக் குழு அதற்குத் தந்த இரு மதிப்புகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரு முறையில், எஃகுக் கோளங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து முறுக்கு ஊசலின் (மெல்லிய இழையில் தொங்கி, முறுகி முறுகி ஆடும் ஊசல்) அலைவுக் காலம் மாறுவதை அளந்தார்கள். விடை 6.674184. இன்னொன்றில், ஊசலைத் தாங்கும் மேடையையே சுழற்றி, இழை முறுகாமல் பார்த்துக்கொண்டார்கள். விடை 6.674484. (இரண்டையும் 10-இன் −11 அடுக்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.) வித்தியாசம் பத்து லட்சத்தில் 45 பங்கு, ஒவ்வொன்றின் பிழை வரம்போ சுமார் 12தான்!

பலரும் இழையைத்தான் சந்தேகிக்கிறார்கள். சரி, அது முழு மீள்தன்மையோடு, அதாவது முறுக்குக்கு ஏற்றபடி அப்படியே திரும்பும் கச்சிதமான சுருள்வில்லைப் போல, நடந்துகொள்ளாதுதான். ஆனால் அந்தக் கோளாறு அலைவுக் கால முறையில் மதிப்பைக் கூட்டிக் காட்டும். இங்கே அந்த முறையின் விடைதானே குறைவு? அந்தக் கோளாறுக்காகச் செய்த திருத்தம் தேவைக்கு மேல் போயிருந்தால் ஒழிய, எனக்கு இழை மேல் சந்தேகம் இல்லை.