எக்ஸ்-மென் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது? மகளுக்கு 13 வயது

தேன்மொழி, திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் முழு ஆண்டுத் தேர்வு முடித்து வீட்டில் இருக்கிறாள். அவளுடைய தோழி செல்போனில் ஒரு துண்டு வீடியோ காட்டியிருக்கிறாள். ஒரு சமையலறை. காவலர்கள் சுடுகிறார்கள். வெள்ளி நிறத் தலைமுடி வைத்த பையன் ஒருவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரிலேயே ஓடி, பறந்து வருகிற குண்டுகளை விரலால் லேசாகத் தள்ளிவிடுகிறான். அதைப் பார்த்த நாளிலிருந்து, பிறவியிலேயே அதிசய சக்தி கொண்ட மனிதர்களைப் பற்றிய இந்த எக்ஸ்-மென் படங்கள் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

போன சனிக்கிழமை உட்கார்ந்தோம். கதை எந்த ஆண்டில் நடக்கிறதோ அந்த வரிசையில் பார்க்கலாம் என்று அவளே எழுதி வைத்திருந்தாள். 1845இல் தொடங்குவதால் 2009இல் வந்த 'ஆரிஜின்ஸ்: வுல்வரின்' முதலில். முக்கால் மணி நேரம் போயிருக்கும். "இவர் யாருன்னே நமக்குத் தெரியாதப்ப இவரோட பழைய கதை எதுக்கும்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நிறுத்திவிட்டோம்.

நான் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டுக்கு வரவே இரவு எட்டு ஆகிவிடும். அடுத்த மாதம் அவள் பாட்டி ஊருக்குப் போய்விடுவாள், அதற்குள் ஆறேழு படம் பார்க்க முடியும். எதில் தொடங்கலாம், எதை விடலாம், இந்த வயதுக்கு எது வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவளும் இதைப் படிப்பாள்.

சதுரங்க வாத்தியார், ராசிபுரம்:

வணக்கம் மேடம். உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஒருவரை நமக்குப் பிடித்த பிறகுதான் அவருடைய பழைய கதை தேவைப்படும். வெளியான வரிசையில் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான்.

2000இல் வந்த 'எக்ஸ்-மென்' படத்தில் தொடங்குங்கள். அதில் கதாநாயகன் வுல்வரினுக்கே தன் கடந்த காலம் நினைவில் இல்லை. அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாமல் இருக்கும்போதுதான் அந்தப் படம் பிடிக்கும். மேலும், நூற்று நான்கு நிமிடப் படம்தான். வேலை முடிந்து வந்து பார்த்தாலும் பத்தரை மணிக்குள் தூங்கப் போய்விடலாம்.

இரண்டாவது காரணத்தை என் தொழிலிலிருந்து சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். தோற்ற ஆட்டத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து திரும்ப ஆடிப் பார்ப்போம். பன்னிரண்டாவது நகர்த்தலில் நிறுத்தி, "இங்கே குதிரையை எடுக்காமல் பிஷப்பை எடுத்திருந்தால்?" என்று கேட்டு, அங்கிருந்து வேறு ஆட்டம் ஒன்றை ஆடுவோம். அந்த மாற்று ஆட்டம் அர்த்தப்பட வேண்டுமானால் உண்மையில் ஆடிய ஆட்டம் முதலில் தெரிந்திருக்க வேண்டும். எங்கே தோற்றோம், என்ன இழந்தோம் என்று தெரியாத பிள்ளைக்கு மாற்று நகர்த்தலைக் காட்டிப் பயனில்லை.

2014இல் வந்த 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' அப்படிப்பட்ட ஒரு மாற்று நகர்த்தல். 2023இல் இருப்பவர்கள் 1973ஐ மாற்றப் பார்க்கிறார்கள். படத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் இதைச் சொல்வதில் தவறில்லை. அதனால் இந்தப் படங்களுக்குக் கால வரிசை என்று ஒற்றைக் கோடு கிடையாது. 1973இல் கோடு இரண்டாகப் பிரிகிறது. 1983இல் நடக்கும் 'அபோகலிப்ஸ்' இரண்டாவது கோட்டில் இருக்கிறது. முதல் மூன்று படங்கள் முதல் கோட்டில் இருக்கின்றன. ஆண்டை மட்டும் பார்த்து அடுக்கினால் இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும். உங்கள் மகள் கஷ்டப்பட்டுப் பட்டியல் போட்டிருக்கிறாள், பாராட்டுங்கள். அவள் மேல் தப்பே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இருபது ஆண்டுகளில் பல இயக்குநர்கள் எடுத்த படங்கள் இவை. தொடக்கத்திலேயே முழுக்கதையையும் திட்டம் போட்டு எடுத்ததாகத் தெரியவில்லை. மொய்ரா என்ற பெண் 2006 படத்தில் இன்றைய காலத்து மருத்துவர். 2011 படத்தில் அதே பெயர்க்காரி 1962இல் சிஐஏ அதிகாரி. முதல் படத்தில் சக்கர நாற்காலியில் வரும் எக்ஸ்-மென் தலைவர் பேராசிரியர் சேவியர், 2006 படத்தின் தொடக்கத்தில் எழுந்து நடக்கிறார், அதுவும் 2011 படத்தோடு பொருந்தாது. வெளியான வரிசையில் பார்த்தால் இவை கண்ணில் பட்டாலும் கடந்துபோகலாம். கால வரிசையில் பார்த்தால் ஒவ்வொன்றும் காலில் குத்தும் முள்.

ஆக, இந்த விடுமுறைக்கு என் வரிசை: 2000இன் 'எக்ஸ்-மென்', 2003இன் 'எக்ஸ் 2', 2006இன் 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்', 2011இன் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்', 2013இன் 'தி வுல்வரின்', கடைசியாக 2014 படம். ஆறு படம், மொத்தம் சுமார் பன்னிரண்டு மணி நேரம். நீங்கள் பாதியில் விட்ட 2009 படத்தை அப்படியே விட்டுவிடுங்கள், அது இல்லாமலே மற்றவை புரியும். மூன்றாவது படம் முதல் இரண்டு அளவுக்கு நன்றாக இருக்காது. ஆனாலும் அதைத் தாண்டிப் போகாதீர்கள். அதில் நடக்கும் ஒரு விஷயத்தின் வலி ஐந்தாவது படம் முழுக்க இருக்கிறது, ஆறாவது படத்தின் முடிவில் வரும் ஒரு காட்சிவரை வருகிறது. அந்தக் காட்சியில் ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து தாழ்வாரத்தில் மெல்ல நடந்து வருவார். அவ்வளவுதான் சொல்வேன். முந்தைய படங்களைப் பார்த்தவர்களுக்கு அவர் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழும். பார்க்காதவர்களுக்கு அது வெறும் தாழ்வாரம். முதல் முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலறைப் பையனும் அந்தப் படத்தில்தான் வருகிறான், எனவே உங்கள் மகளுக்குக் காத்திருப்பதற்கும் ஒரு பலன் உண்டு.

தயவுசெய்து ஒன்று. மூன்றாவது படமும் ஐந்தாவது படமும் முடிந்து பெயர்கள் ஓடும்போது டிவியை அணைத்துவிடாதீர்கள். 2006இல் தியேட்டரில் விளக்கு போட்டதும் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடிவந்துவிட்டேன். பெயர்கள் ஓடி முடிந்ததும் வரும் சிறு காட்சியைத் தவறவிட்டேன். ஏழு வருடம் கழித்து ஐந்தாவது படத்தின் முடிவில் ஒருவர் வந்து நின்றபோது, இவர் எப்படி இங்கே என்று தலைசுற்றிப் போனேன்.

மதுரை பாலா:

வாத்தியார் அண்ணா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு 2000 படத்தைப் போட்டால் சண்டைக் காட்சிகள் பழையதாகத் தெரியும். என் அக்கா பையன் பாதியில் எழுந்து போனான். பிறகு 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' போட்டுக் காட்டினேன், நகரவே இல்லை.

அந்தப் படத்துக்கு வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சார்லஸ் (பேராசிரியர் சேவியர்தான்), இரும்பை மனதாலேயே அசைக்கும் எரிக் என்ற இரண்டு பேர் நண்பர்களாகி, பிறகு ஆளுக்கொரு பக்கம் போகிற கதை. 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி நிஜமாகவே நடந்தது. அதற்குள் இந்தக் கதையைப் பொருத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு என் அக்கா பையன் கென்னடி யார், குருஷேவ் யார் என்று கேட்டு, இரண்டு நாள் அதையே படித்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து நேராக 2014 படத்துக்குப் போகலாம். பிடித்திருந்தால் பழைய மூன்றையும் பிறகு பார்க்கட்டும்.

சதுரங்க வாத்தியார், ராசிபுரம்:

பாலா தம்பி, ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று மேடம் கேட்டிருந்தால் நானும் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்றே சொல்லியிருப்பேன். இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த படம் அது. ஆனால் ஆறு படத்துக்கு நேரம் இருக்கிறது. அந்த நட்பின் முடிவை முதலில் பார்த்துவிட்டுத் தொடக்கத்துக்குப் போவதில் ஒரு கனம் இருக்கிறது தம்பி.

முதல் படத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். 1944, போலந்து, வதைமுகாம், மழை, சேறு. அம்மாவையும் அப்பாவையும் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சிறுவன் எரிக் கையை நீட்டிக்கொண்டே கத்துகிறான். சிப்பாய்கள் அவனை இழுக்கிறார்கள், அவர்களுடைய பூட்ஸ் சேற்றில் வழுக்கிக்கொண்டு கதவை நோக்கிப் போகிறது. இரும்புக் கதவு அவன் பக்கமாக வளைகிறது. துப்பாக்கிக் கட்டையால் ஓர் அடி. காட்சி முடிந்துவிடும். 2011 படம் இதே காட்சியில்தான் தொடங்குகிறது, ஆனால் அங்கே நிற்காது. மாடி ஜன்னலிலிருந்து ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினோரு வருடமாக நாம் பார்த்த காட்சியில் அந்த ஜன்னல் இல்லவே இல்லை. இதை முதல் முறை பார்த்தபோது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். 2011 படத்தில் தொடங்கினால் இது கிடைக்காது.

செஸ் வாத்தியார் என்பதால் என் கண்ணில் படுவது இன்னொன்று. முதல் படத்தின் முடிவில் சார்லஸ், எரிக் என்ற இரண்டு கிழவர்கள் எரிக்கின் சிறைக்குள் உட்கார்ந்து செஸ் ஆடுவார்கள். எதிரிகள்தான். ஆனால் ரொம்ப நாள் பழகியவர்கள் ஆடுவதுபோல இருக்கும், அவசரமே இருக்காது. 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' பார்க்கும்போது இளம் வயதில் அதே இருவரும் ஒரு பலகையின் இரண்டு பக்கம் உட்காருவார்கள். 2014 படத்தில் விமானத்துக்குள் மறுபடி பலகை வரும். 2019இல் வந்த 'டார்க் ஃபீனிக்ஸ்' எனக்குப் பிடிக்காத படம். ஆனாலும் அதன் கடைசிக் காட்சிக்காக அதையும் வைத்திருக்கிறேன். ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். கிழவர்கள் ஆடுவதை முதலில் பார்த்திருந்தால்தான் இளைஞர்கள் உட்காரும்போது மனசு கனக்கும்.

நிலா அம்மா, கோவை:

தேன்மொழி, எனக்கும் அதே வயதில் பெண் இருக்கிறாள். வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாரும் சொல்லவில்லை.

2017இல் வந்த 'லோகன்' இப்போது வேண்டாம். அதில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள் என்பதால் பிள்ளைகள் பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் நினைத்து, கால் மணி நேரத்தில் அணைத்துவிட்டேன். வெட்டும் ரத்தமும் மிக நெருக்கமாகக் காட்டப்படும். பெரியவர்களுக்கு எடுத்த படம், அமெரிக்காவிலேயே ஆர் சான்றிதழ். ஆனால் அது அருமையான படம். என் பெண் கல்லூரிக்குப் போன பிறகு அவளோடு உட்கார்ந்து பார்க்கத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

'டெட்பூல்' படங்கள் பேச்சிலேயே பெரியவர்களுக்கானவை, அந்தப் பக்கம் இப்போது போகவேண்டாம். 2024இல் வந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' படத்தைப் பற்றித் தோழிகள் சொல்லியிருப்பார்கள். அது 'லோகன்' முடிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது, அதற்கு முன்னால் எந்தக் காரணத்துக்காகவும் பார்க்கக் கூடாது. 2020இன் 'தி நியூ மியூட்டன்ட்ஸ்' பேய்ப்படம் மாதிரி இருக்கும், இதைப் பார்க்காவிட்டாலும் ஒன்றும் குறையாது.

வாத்தியார் சார் சொன்ன ஆறு படமும் பரவாயில்லை. வதைமுகாம் காட்சிக்கு முன்னால் மட்டும், அது உண்மையில் நடந்த கொடுமை என்று பிள்ளைக்கு இரண்டு வரி சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போட்டுவிட்டேன். "இதுவும் கதைதானே அம்மா?" என்று கேட்டாள். படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேச வேண்டியிருந்தது.

தேன்மொழி, திருப்பூர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாலா தம்பி சொன்னதையும் யோசித்தோம். மகளே முடிவு செய்தாள், வெளியான வரிசை. செவ்வாயன்று முதல் படம், நேற்று இரண்டாவது. நிலா சொன்னபடி தொடங்குவதற்கு முன்னால் முகாம்களைப் பற்றிப் பேசினேன். கதவு வளைகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வதைமுகாம் முடிந்து அடுத்த காட்சி வரும்வரை விடவில்லை.

வாத்தியார் சார், செஸ் காட்சி வந்ததும் படத்தை நிறுத்தினாள். "அம்மா, அந்த ரூம்ல இரும்பே இல்ல, எல்லாம் பிளாஸ்டிக்" என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அதனால் இரண்டாவது படத்தில் அந்தச் சிறையிலிருந்து எரிக் வெளியே வருகிற வழியைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டாள். காவலரின் ரத்தத்தில் இரும்பு! உடனே அறிவியல் புத்தகத்தை எடுத்துவந்து ஹீமோகுளோபின் பாடத்தைக் காட்டினாள். நம் உடம்பு மொத்தத்துக்கும் மூன்று நான்கு கிராம் இரும்புதான் இருக்கும் என்று நான் சொன்னேன். "அதுக்குத்தாம்மா அவருக்கு முன்னாடியே ஊசி போட்டாங்க" என்று பதில் வந்தது. அந்த இடத்தை நான் கவனிக்கவே இல்லை.

தமிழில் பார்க்கலாமா என்று கேட்டேன். ஆங்கிலத்திலேயே, எழுத்தோடு போடச் சொன்னாள். அந்தக் கிழவர்களின் குரல் வேண்டுமாம்.

வீட்டில் செஸ் பலகை ஒன்று பரணில் கிடந்தது. இன்று காலையில் இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். கறுப்பில் ஒரு யானை மட்டும் காணவில்லை, அதற்குப் பதிலாக நூல்கண்டுக் கட்டை ஒன்றை வைத்திருக்கிறோம். இன்றிரவு மூன்றாவது படம். பெயர்கள் ஓடி முடிகிறவரை டிவியை அணைக்க மாட்டோம், சார்.