அக்காவை டாம்கேட்டில் குடிவைத்த கதை

ஆக்கா என்பது ஸ்வீடனின் வடக்கே உள்ள ஒரு மலையின் பெயராம். எங்களுக்கு அது பல வேலைகளை ஒரே நேரத்தில் பின்னணியில் நடத்த உதவும் ஒரு ஜாவா லைப்ரரி, டீமில் யாரும் மலையை நினைத்ததில்லை. "அக்கா எழுந்துட்டாங்களா?" என்றுதான் காலையில் கேட்டுக்கொள்வோம்.

ஆர்டர் வந்ததும் மெயில், எஸ்எம்எஸ், பிடிஎஃப் ரசீது மூன்றையும் பின்னணியில் அனுப்ப வேண்டும். பழைய சர்வ்லெட் அப்ளிகேஷன் (வெப் ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஜாவா புரோகிராம்), டாம்கேட் என்ற சர்வரில் ஓடுவது. ஆக்டர்களை, அதாவது மெசேஜ் வந்தால் தன் வேலையைச் செய்யும் சின்னச் சின்ன ஆப்ஜெக்ட்களை, எழுதும் வேலை ஒரே மதியத்தில் முடிந்தது. அவற்றை நிர்வகிக்கும் ஆக்டர் சிஸ்டத்தை எங்கே உருவாக்குவது என்று யோசிக்காமல், ரிக்வெஸ்ட் வரும்போதெல்லாம் ஓடும் டூபோஸ்ட் மெத்தடுக்குள்ளேயே போட்டுவிட்டேன். என் மெஷினில் ஜோராக ஓடியது. டெஸ்ட் சர்வரில் லோடு கொடுத்ததும் அவுட் ஆஃப் மெமரி: புதிய நேட்டிவ் த்ரெட் உருவாக்க முடியவில்லையாம். ஹீப் (ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) பாதிக்கு மேல் காலி. ஆனாலும் அரை நாள் ஹீப்பைத்தான் ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். அப்புறம் ஓடும் த்ரெட்களைப் பட்டியலிடும் ஜேஸ்டாக் எடுத்தால், ஆக்டர்களுக்கு த்ரெட் கொடுக்கும் டிஃபால்ட் டிஸ்பேட்சர் என்ற பெயரில் பக்கம் பக்கமாகத் த்ரெட்கள். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு சிஸ்டம், ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு த்ரெட் பூல்! ஆக்டர் சில நூறு பைட் சமாச்சாரம், லட்சக்கணக்கில் பிறக்கலாம். சிஸ்டம் அப்படியில்லை, அப்ளிகேஷனுக்கு ஒன்று போதும்.

சர்வ்லெட் காண்டெக்ஸ்ட் லிஸனர் எழுதி, அப்ளிகேஷன் எழும்போது ஒரே ஒரு சிஸ்டத்தை உருவாக்கி காண்டெக்ஸ்டில் வைத்தேன். சரியாகிவிட்டது.

* * *

முதல் பதில்: ப்ரோ, அதே லிஸனரில், அப்ளிகேஷன் நிற்கும்போது ஓடும் காண்டெக்ஸ்ட்டெஸ்ட்ராய்ட் என்று இன்னொரு மெத்தட் உண்டு. நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். புது வார் ஃபைலை (அப்ளிகேஷனைக் கட்டிய ஃபைல்) ஏற்றினாலும் பழைய சிஸ்டம் சாகாது, பழைய கோடை ஏற்றிய கிளாஸ்லோடரைக் கட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கும். மெமரி லீக் வரலாம் என்று டாம்கேட் லாகில் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது, யார் படிக்கிறார்கள்? எங்களுடையதில் நேரம் பார்த்து ரிமைண்டர் அனுப்பும் ஷெட்யூலர் வேறு. ஒரு கஸ்டமர் கூப்பிட்டு, "ஒரே ரிமைண்டர் ஏன் சார் மூணு தடவை வருது?" என்றார். அன்று மூன்றாவது டிப்ளாய்.

அந்த மெத்தடில் சிஸ்டத்தை நிறுத்த டெர்மினேட் என்று கூப்பிட்டால் மட்டும் போதாது, அது உடனே திரும்பிவிடும். முடியும்வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் 10 விநாடி வைத்திருக்கிறோம்.

* * *

இரண்டாவது பதில்: எனக்கு ஆக்கா எழவே இல்லை. ஐடிஇ-யில் ஓடும், எல்லா லைப்ரரிகளையும் ஒன்றாக்கும் ஷேட் பிளகின் கட்டிய ஒற்றை ஜாரில் "ஆக்கா.வெர்ஷன் என்ற கீ இல்லை" என்று விழும். ஆக்காவின் ஒவ்வொரு ஜாருக்குள்ளும் ரெஃபரன்ஸ்.கான்ஃப் என்ற செட்டிங் ஃபைல் ஒன்று இருக்கிறது. பிளகின் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிவிடுகிறது. பிளகினில் அப்பெண்டிங் டிரான்ஸ்ஃபார்மர் சேர்த்ததும் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

இன்னொன்று, ஜேடிபிசி அழைப்பை (டேட்டாபேஸைக் கூப்பிடுவது) டிஃபால்ட் டிஸ்பேட்சரில் விடாதீர்கள். டேட்டாபேஸ் மெதுவானால் மற்ற ஆக்டர்களும் சேர்ந்து பட்டினி கிடக்கும். தனி டிஸ்பேட்சர் வைத்து, த்ரெட் எண்ணிக்கையை கனெக்ஷன் பூலுக்கு ஏற்றபடி கொடுங்கள்.

* * *

மூன்றாவது பதில்: 2022 செப்டம்பரில் ஆக்காவின் லைசன்ஸ் மாறியது, நாங்கள் அதிலிருந்து பிரிந்த ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியான அப்பாச்சி பெக்கோவுக்குப் போய்விட்டோம். இம்போர்ட் எல்லாம் மாற்றினோம், எங்கள் செட்டிங் ஃபைலான அப்ளிகேஷன்.கான்ஃபில் இருந்த 'ஆக்கா' முன்னொட்டை 'பெக்கோ' என்று மாற்ற மறந்தோம். கம்பைல் ஆனது, ஓடியது, ஒரு எரர் இல்லை. எங்கள் டியூனிங் எதையும் அது படிக்கவில்லை என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது.

* * *

கதை எழுதிய நான்: முதல் பதிலில் சொன்ன காண்டெக்ஸ்ட்டெஸ்ட்ராய்டை இப்போதுதான் திறந்து பார்த்தேன். என்னுடையதும் காலி.